பண்டிகைக் காட்சிக்குப் போன பட்டு

“…அதையும் போயும் போயும் வேஷம் கட்டுற ஆம்பளைக்கா குடுப்பீங்க, ஏனுங்கப்பா? அம்மாதுன்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதானுங்களே!”

கொள்ளேகாலிலிருந்து காலையில் வந்து இறங்கிய அக்கா முகம்கூடக் கழுவவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். அம்மாவின் பட்டுச் சேலை இல்லை. அப்பா மறைக்கிறவர் அல்ல. நாடகக் கம்பெனி நடிகருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் குதிரைக்குக் கொள்ளு அள்ளிக்கொண்டிருந்தேன். மைசூரில் அப்பாவும் நானும் ஒரே ஜட்காவை மாற்றி மாற்றி ஓட்டிப் பிழைத்த காலம் அது.

பிளேக் வந்தபோது எங்கள் தெருவைக் காலி செய்து, ஊருக்கு வெளியே தட்டிக் கொட்டகைகளில் குடிவைத்தார்கள். அம்மா அங்கேயே போய்விட்டாள். அவள் தொட்ட துணியெல்லாம் தீயில் போயிற்று. நாத்தனார் கல்யாணத்துக்கென்று அக்கா இரவல் வாங்கிப்போயிருந்த பட்டு ஒன்று மட்டும் தப்பியது. காரியத்துக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தாள்.

அப்பா அழவில்லை. சோறும் சரியாகத் தின்னவில்லை. களி உருண்டையைப் பிட்டு வைப்பார், எழுந்துவிடுவார். துக்கத்துக்கு வாய் கிடையாது, கால்தான் உண்டு என்று எங்கள் ஜட்கா ஸ்டாண்டில் ஒரு பேச்சு. அப்பாவின் கால் நாடகக் கொட்டகைக்குப் போயிற்று. நடிகர்களை விடுதியிலிருந்து ஏற்றிப்போகும் சவாரி எங்களுடையது. போனவர் ஒருநாள் உள்ளேயும் நுழைந்தார்.

அப்போதெல்லாம் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். அந்த நடிகர் ஒரு குடியானவன் மனைவியாக வருவார். பண்டிகை நாளில் கோபித்துக்கொண்டு படுத்திருக்கும் புருஷனை, இலையைப் போட்டுவிட்டு, ஏசி ஏசியே எழுப்பி உட்காரவைக்கிற காட்சி ஒன்று. ஏச்சு முழுக்கக் கன்னடம். திட்டு எந்த பாஷையில் இருந்தால் என்ன? இடுப்பில் கை வைத்து நிற்பதும், மூச்சு வாங்காமல் பொரிந்து தள்ளுவதும் அம்மாவேதான். ஞாயிற்றுக்கிழமை பகலாட்டத்துக்கு அப்பா தவறமாட்டார். அன்றைக்கு மட்டும் வட்டில் காலியாகும்.

பிடித்த நடிகருக்குச் சேலையோ சால்வையோ கொடுப்பது ஊர் வழக்கம். தான் கொடுத்தது மேடைக்கு வரும்போது பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடித்துக் காட்டுவார்கள். அப்பாவுக்கு அந்த ஆசை இல்லை. ஆள் வந்தாயிற்று, சேலையும் வந்துவிட்டால் முழுசாக ஆகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

“பேசி முடிச்சுட்டியா, அம்முணி?” என்றார் அக்காவிடம்.

“இன்னும் முடிக்கலீங்க. ஊர் சிரிக்குமுங்க.”

“சிரிக்கட்டும். போன வாரம் அதைக் கட்டிக்கிட்டு வந்தாருடா கண்ணு. அதே ஏச்சுத்தான், அதே குரல்தான். ஆனாச் சேலை உள்ள வந்துச்சு, உங்கம்மா வெளிய போயிட்டா. இனி நான் போகல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அவர் பட்டினியாகப் படுத்தது எனக்குத் தெரியும். அன்று முதல் ஏழு நாளும் அரைக் களிதான். அக்காவிடம் சொன்னேன். அவள் அப்பாவின் கழுத்தெலும்பைப் பார்த்தாள், குரல் இறங்கிவிட்டது.

“எப்படிங்க கட்டியிருந்தாரு?”

“எல்லாரும் கட்டுறாப்பலத்தான். முன்னால கொசுவம் வெச்சு.”

“முன்னாலயா?” அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மாவுக்கா?”

எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்துப் பெண்களுக்குக் கொசுவம் பின்னால்தான். அம்மா இத்தனை வருஷம் மைசூரில் இருந்தும் மாற்றவில்லை. அண்டை வீட்டார் கேலி செய்தால், “அடுப்புக்கு முன்னால நிக்கறவளுக்கு முன்கொசுவம் எதுக்கு, தீயை விருந்துக்குக் கூப்பிடவா?” என்பாள். கொட்டகையில் நாலு வாரம் உட்கார்ந்த அப்பாவுக்கு அந்த நடிகரின் வேறு சேலைகளில் இது உறுத்தியதே இல்லை. அவளுடைய சேலையில்தான் உறுத்தியிருக்கிறது. என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“தம்பி, வண்டியப் பூட்டு” என்றாள் அக்கா.

விடுதி முற்றத்தில் நடிகர் அப்போதுதான் சவரம் முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் உள்ளே போய்ச் சேலையை எடுத்துவந்தார். திருப்பிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார் போலும், மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் நீட்டினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள். ஒரு உதறு உதறி, தான் கட்டியிருந்த நூல் சேலைக்கு மேலேயே அதைச் சுற்றி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவர் பார்க்கும்படி ஒவ்வொரு மடிப்பாக, மெதுவாகப் பின்னால் கொசுவம் பிடிக்க ஆரம்பித்தாள்.