வெள்ளம் கேட்டவன்

அனுமந்தன்பட்டி வியாகுலமேரிக்குச் சீனிச்சாமியைக் கண்டாலே வாய் கோணும். மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில் இரண்டு மழைக்காலம் கிடந்துவிட்டு வந்தவன், அதன்பின் தண்ணீரை மலையாளத்தான் மாதிரி ‘வெள்ளம்’ என்றுதான் சொன்னான். ஊர்த் தண்ணீர் அவன் தொண்டையில் இறங்காது போலும்.

ஆனாலும் வாய் நிறைய ‘அண்ணே’ என்றாள். பெரியாற்று அணைவேலைக்கு அரிசி சுமக்கும் கூட்டத்துக்கு அவன்தான் கங்காணி. புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தபின் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

“பாறையில பொம்பளைக்குக் கால் நிக்காது. இன்னைக்கு ஒருநாள் பாப்பேன். மூட்டை நனைஞ்சா நாளைக்கு வராத” என்றிருந்தான்.

குமுளி தாண்டி ஆற்றோரமாக நடந்தார்கள். பாதை என்று ஒன்றில்லை, பாறைதான். ஒன்றிலிருந்து இறங்கினால் அடுத்தது மார்பளவு நிற்கும். சும்மாடு நழுவாமல், வெடிப்புகளில் விரலைச் செருகி ஏறினாள் மேரி. உச்சிவெயிலில் ஆற்றுக்குள் கிடந்த பாறைகளின்மேல் எல்லோரும் சுமையிறக்கினார்கள்.

மேலே சரிவில் மாடு மேய்த்த ஒருவன் கையை ஆட்டிக் கத்தினான். “வெள்ளம்... வெள்ளம்...”

மேரி மூட்டையைத் தூக்கினாள்.

“எங்கன ஓடுறவ?” சீனிச்சாமி சிரித்தான். “அவன் மலையாளத்தான். தாகத்துக்குத் தண்ணி கேக்குறான். நாலு ஊரு பாத்தாத்தான இதெல்லாம் தெரியும்.”

“அங்கன மேல நிக்கிறவன் கீழ இருக்கிற நம்மகிட்டயா அண்ணே கேப்பான்?”

“பட்டிக்காட்டுக் கழுத.”

அவள் ஏறினாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். சீனிச்சாமி மட்டும் கீழேயே நின்று மலையாளத்தில் ஏதோ பதில் கத்திக்கொண்டிருந்தபோது, மரங்களை உருட்டிக்கொண்டு செந்தண்ணீர் வளைவைத் திரும்பியது. முழங்கால் தோல் பெயர்ந்து, கோவணத்தோடு கரையேறினான். அவன் மூட்டை போய்விட்டது.

அணைவேலைக் கூடாரம் தெரிந்ததும் அவளருகே ஒதுங்கினான். “நாந்தான் எல்லாரையும் ஏறச் சொன்னேன்னு சொல்லு. நாளையிலருந்து நீ நிரந்தரம்.”

இந்த மனிதனுக்கா பயந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு வெறுப்பு வந்தது. பிள்ளைகளின் வயிறும் நினைவுக்கு வந்தது.

அங்கே அரிசியை எண்ணி வாங்கும் கிட்டங்கிக்காரர் வெள்ளத்தைப் பற்றி விசாரித்தபோது, “அண்ணந்தான் ஏறச் சொன்னாக” என்றாள். பின்னால் கூட்டத்தில் ஒருவன் செருமினான். கிட்டங்கிக்காரர் சீனிச்சாமியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். தான் சொன்ன பொய் நாக்கில் கசந்தது; காறித் துப்பினாள்.

மறுநாள் விடிகாலையில் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று, “வாங்க மேரியம்மா” என்றான் சீனிச்சாமி.

அந்த ‘வாங்க’தான் எல்லாவற்றையும்விட அவளுக்கு அருவருப்பாக இருந்தது. போனாள்.