முழு சிக்னலில் ரஹ்மத்துல்லா

அஜீஸுன்னிசா அந்தப் பொத்தானை அழுத்தியது ஒரு மரியாதைக்குத்தான். புது விண்டோஸ் ஏற்றிக்கொள்ளலாமா என்று மடிக்கணினி நாள்தோறும் வந்து வந்து கேட்டது. கேட்டவரை இல்லையென்று திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாத வீடு. சரி என்று அழுத்திவிட்டு மதிய லுஹர் தொழப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் திரை வெள்ளையடித்த வீடு மாதிரி இருந்தது. கீழ் மூலையில் விசிறி போல விரிந்திருக்கும் வைஃபை குறியை மட்டும் காணவில்லை.

அந்தக் குறி இல்லையென்றால் ரஹ்மத்துல்லா பேசமாட்டார்.

அவள் கணவர் அவர்; மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு மாதமாகிறது. பேகம்பூரில் தோல் கமிஷன் வியாபாரம் செய்தவர். எழுத்துக்கும் அவருக்கும் ஆகாது. எதையும் வாட்ஸ்அப்பில் பேசித்தான் அனுப்புவார். கிடங்கில் ஆட்கள் தோலை இழுத்துப் போடும் சத்தத்துக்கு நடுவே தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி வரும்: "அஜீஸு, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" நேரில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசக் கூச்சப்படுகிற மனுஷர், போனில் மட்டும் கேலி செய்வார், கோபித்துக்கொள்வார், ஒருதரம் பாடக்கூடச் செய்தார். நிலக்கோட்டையிலிருந்து வாழ வந்த அஜீஸுன்னிசா, கட்டிய கணவரைத் தெரிந்துகொண்டதே பாதிக்கு மேல் அந்தப் போன் வழியாகத்தான்.

அவள் போன் நிறைந்து திணறியபோது, ஷார்ஜாவில் இருக்கும் மகள் ஃபர்ஹீன் ஊருக்கு வந்த சமயம், அத்தனை குரலையும் இணையத்தில் ஏற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்தாள். மடிக்கணினியைத் திறந்தால் கேட்கலாம். அவருடைய போனோ, ஆஸ்பத்திரி அமளியில் தொலைந்துபோனது. சாயங்காலம் அஸர் தொழுததும் கதவைச் சாத்திக்கொண்டு கணினியைத் திறப்பாள். அந்த ஒரு நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தது.

ஃபர்ஹீனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். "கண்டதையும் அமுக்காதம்மா, எதாச்சும் அழிஞ்சிறப் போகுது" என்றாள் மகள்.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவரை இழந்தவள் வெளியே போகாமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் நாட்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கணினியை வெளியே கொடுத்துவிடவும் மனசில்லை. கணவரின் அக்கா சைனம்பு அதே வீட்டுப் பின்னறையில் இருப்பவள். அவள்தான் ஆள் சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் கிளெமென்ட் வந்து முன்னறையில் உட்கார்ந்தான். நடுவில் திரைச்சீலை. அஜீஸுன்னிசாவின் குரல்கூட வெளியே கேட்கக்கூடாது என்பது சைனம்புவின் சட்டம். ஆக, பேச்செல்லாம் அவள் வாய் வழியாகத்தான்.

"எப்ப இப்புடி ஆச்சு?"

சைனம்பு திரைக்குள் தலையை விட்டு, "எப்ப ஆச்சுன்னு கேக்குறான்" என்றாள்.

"லுஹருக்கு முன்னாடி."

"லுஹருக்கு முன்னாடியாம்."

"கேட்டுச்சும்மா."

"கேட்டுச்சா? காத மூடிக்க, அப்பு. அந்தப் பக்கம் பாக்காத, பொட்டியப் பாரு."

கிளெமென்ட் சிரித்துக்கொண்டே தட்டினான். "வைஃபை கார்டு பழசு. புது விண்டோஸுக்கு அது இருக்குறதே தெரியல. அதுக்குண்டான டிரைவர் ஏத்தணும். அத எறக்க நெட்டு வேணும். நெட்டுக்கு வைஃபை வேணும்."

"வெளங்குனாப்புலதான்" என்றாள் சைனம்பு.

"செத்த இருங்க. என் போன ஒயர்ல மாட்டி எறக்கிடுறேன்."

"அழிஞ்சிருக்குமான்னு கேளுங்க மதினி" என்றாள் அஜீஸுன்னிசா.

சைனம்பு கேட்பதற்குள் அவனே சொன்னான்: "அழியாதும்மா. அதெல்லாம் நெட்டுல பத்திரமா இருக்கு. வழிதான் அடைச்சிருக்கு."

திரைக்குப் பின்னால் அஜீஸுன்னிசா ஓதி உருட்டும் தஸ்பீஹ் மணி உருளத் தொடங்கியது.

கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டான். "வந்துருச்சு. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் காட்டுது. இதுல உங்களோடது எது? ஃபர்ஹீன் ஹோம்னு ஒண்ணு இருக்கு. ரஹ்மத்துல்லா லெதர்ஸ்னு ஒண்ணு இருக்கு."

தஸ்பீஹ் மணி நின்றது.

வீட்டு வைஃபைக்குத் தன் பெயரை வைத்தது ஃபர்ஹீன். மற்றது அவர் போனின் பெயர். கிடங்கில் கணக்குப்பிள்ளைக்கு நெட் கொடுப்பதற்காக அவர் வைத்துக்கொண்டது. கபரில் வைத்தாயிற்று, பாத்திஹாவும் ஓதியாயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் அந்தப் பெயரை அழைப்பு மணி அடித்தவர் பெயர் மாதிரி வாசிக்கிறான்.

"மதினி, அந்த ரெண்டாவதக் கேளுங்க."

சைனம்பு துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அது ஏதோ போன் ஹாட்ஸ்பாட்டும்மா" என்றான் கிளெமென்ட். "முழு சிக்னல். பக்கத்துல, இந்த ரூம்லதான் இருக்கணும்."

அஜீஸுன்னிசா திரை இடுக்கு வழியே பார்த்தாள். சைனம்புவின் கை துப்பட்டிக்குள் போய் இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கையேந்தி, போனை எடுத்தவன் கை வெளங்காமல் போகட்டும் என்று சபித்தவள் இவள்தான்.

"உங்ககிட்டயா மதினி இருக்கு?"

சைனம்பு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"திட்டுனது நெசந்தான். மறுநா அவன் சட்டையத் தொவைக்க எடுத்தேன், பைக்குள்ள கெடந்துச்சு. அம்புட்டுச் சாபத்தையும் வுட்டுட்டு, ஏங்கிட்டதான் இருக்குன்னு எந்த வாயால சொல்ல?"

"ரெண்டு மாசமா?"

"நீ கதவச் சாத்திக்கிட்டுக் கேப்ப. எனக்கு வெளிய முனகலு மட்டுந்தான் கேக்கும். அவன் எனக்கும் தம்பிதான அஜீஸு. தொறக்க அலிஃப் எழுத்து மாதிரி நேரா ஒரு கோடு இழுத்தாப் போதும்னு அவனே சொல்லிக் குடுத்திருந்தான். கேட்டுட்டு அணைச்சு வச்சுருவேன். இந்தப் பய வந்து கதவத் தட்டுனப்ப அவசரத்துல எதையோ அமுக்கிட்டேன்."

அந்தக் குரல்கள் தனக்காக மட்டும் பேசப்பட்டவை. அந்தக் கேலி, அந்தப் பாட்டு. எல்லாவற்றையும் இன்னொருத்தி கேட்டிருக்கிறாள் என்பதில் அஜீஸுன்னிசாவுக்கு முகம் கொதித்தது. கதவைச் சாத்தியபோதெல்லாம் அதற்கு வெளியே ஒருத்தி நின்றிருக்கிறாள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"அம்மா, எதுல போடட்டும்?" முன்னறையில் கிளெமென்ட் காத்திருந்தான்.

"வீட்டு வைஃபைல போடுங்க தம்பி." அஜீஸுன்னிசா தானே சொன்னாள், உரக்க. சைனம்பு நிமிர்ந்தாளே தவிரத் தடுக்கவில்லை.

கிளெமென்ட் போனதும், அஜீஸுன்னிசா போனுக்காகக் கை நீட்டினாள். சைனம்பு இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். சூடாக இருந்தது. அஜீஸுன்னிசா அதைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அஸர் தொழுதபின் கதவைச் சாத்தப் போனவள், பிடித்த கையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சைனம்பு நிலைப்படிக்கு அந்தப் பக்கமே இருந்தாள். கைக்கு வந்த ஒரு குரலை அஜீஸுன்னிசா அழுத்தினாள். மழைச் சத்தம். தோல் இழுபடும் சத்தம். தொண்டைச் செருமல்.

"அஜீஸு, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்றார் ரஹ்மத்துல்லா.

"கருவாடுன்னா நான் வரல" என்றாள் சைனம்பு, நிலைப்படியிலிருந்து.

அஜீஸுன்னிசா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு மூச்சு விட்டு, கணினிக்குள்ளிருந்து அவர் சொன்னார்:

"கருவாடுன்னா நான் வரல."