வராத சத்தம்

லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்கு வயது நாற்பத்தாறு. இருபது மாடி, முப்பது மாடி என்று காலமெல்லாம் மற்றவர்களை மேலே அனுப்பியவர், போன வருஷம்தான் தானே மேலே போகப் பழகினார். விமானம் ஓட்ட உரிமம் வாங்கினார். கையோடு, தன்னைவிட இரண்டு வயது மூத்த, நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றையும் வாங்கிவிட்டார். கூட வேலை செய்பவர்கள் அன்றிலிருந்து அவரைக் 'கேப்டன்' என்றார்கள். கிண்டல்தான். அவருக்குப் பிடித்திருந்தது.

இன்சூரன்ஸ் இல்லாத விமானத்தைக் கொட்டகையை விட்டு நகர்த்தவே விடமாட்டார்கள். ஐந்து கம்பெனிக்குப் போன் போட்டார். ஐந்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எத்தனை மணி நேரம் பறந்திருக்கீங்க சார்?"

"ஐம்பத்தொண்ணு."

"இந்த மாசமா?"

"இல்லம்மா. மொத்தமே."

நாலு கம்பெனி கைவிரித்தது. ஐந்தாவது கம்பெனி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டு கடிதம் அனுப்பியது: இன்னும் இருபத்தைந்து மணி நேரம் தனியாகப் பறந்து முடிக்கும்வரை வேறு யாரையும் ஏற்றக் கூடாது. ஏற்றினால் இன்சூரன்ஸ் செல்லாது.

அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. காரணம், மனைவியின் அண்ணன். டயர் கடை வைத்திருப்பவர், வாய் ஓயாதவர். உரிமம் கைக்கு வந்த அன்று கேப்டன் அவர் தோளில் கைபோட்டு, "முதல் சவாரி உங்களுக்குத்தான் மச்சான்" என்று சொல்லியிருந்தார். 'எட்டு பேர் ஏறலாம்' என்று எழுதிய லிஃப்ட் பெட்டிகளோடு பிழைக்கிற மனுஷன், தன் வண்டியில் ஒரே ஒரு ஆளை ஏற்ற அனுமதியில்லை என்று எந்த முகத்தோடு சொல்வார்?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் புதுச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தங்கையோடு கொட்டகைக்கு வந்து இறங்கினார்.

"மாப்ள, சன்னல் சீட்டு எனக்குத்தானே?"

"இருக்கிறதே சன்னல் சீட்டுதாண்ணே," என்றாள் மனைவி.

கேப்டன் விமானத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். காற்று இல்லை, மேகம் இல்லை. குறை சொல்ல வானத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்ஜின்ல ஒரு சத்தம் வருது மச்சான். இங்க வண்டி பாக்கிற மெக்கானிக்கம்மா சரியா பாக்கல போல. இன்னிக்கு வேண்டாம்."

சொன்னதும் நிம்மதியாக இருந்தது. பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவரைக் கூசவைத்தது அந்த நிம்மதிதான்.

மறுநாள் டயர் கடைக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். அவருடைய விமானத்தையும் அதே மெக்கானிக்கம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானுக்கு வாய் சும்மா இருக்குமா?

வியாழக்கிழமை வேலை முடிந்து கேப்டன் போனபோது, கொட்டகையில் டாக்டரின் விமானம் நின்ற இடம் காலியாக இருந்தது. கேப்டனுடைய இன்ஜின் திறந்து கிடந்தது. கழற்றிய பாகங்கள் துணிமேல் வரிசையாக இருந்தன. மெக்கானிக்கம்மாவின் முழங்கைவரை கரி.

"வாங்க கேப்டன். உங்க இன்ஜின்ல சத்தமாமே, டாக்டர் சொன்னார். என்கிட்ட ஏன் சொல்லல? மூணு நாளாத் தேடறேன். பிளக் கழட்டிட்டேன், எண்ணெய வடிகட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் சிக்கல. எப்ப வருது, ஏறும்போதா இறங்கும்போதா?"

கேப்டனின் கை சட்டைப்பைக்குப் போனது.

"எனக்குத்தான் காது போச்சோன்னு பயமா இருக்கு. டாக்டர் போயிட்டார். விமானப் பயிற்சிப் பள்ளிக்காரங்க காதுக்கும் போயிடுச்சு, நாளைக்கு முடிவு சொல்றாங்களாம். அவங்க ரெண்டு வண்டியும் போச்சுன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்."

கேப்டன் இன்சூரன்ஸ் கடிதத்தை எடுத்து நீட்டினார். அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"சத்தமே வரல. அப்படித்தானே?"

"வரல."

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு," என்றார் அந்தம்மா, தனக்குத்தானே.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதில் எழுதியதை அழிக்கக் கூடாது. இன்ஜின் யாரிடம் போனாலும் புத்தகமும் கூடவே போகும். செவ்வாய்க்கிழமையே அந்தம்மா எழுதியிருந்தார்: 'சத்தம் வருவதாக உரிமையாளர் புகார். தேடியும் கிடைக்கவில்லை.' புத்தகத்தைத் திருப்பி, அடுத்த வரியில் விரலை வைத்தார்.

கேப்டன் எழுதினார்: 'புகார் தவறு.'

"தவறுன்னு எழுதாதீங்க. தவறுன்னா நானும் ஏதோ பண்ணின மாதிரி இருக்கு."

அதன்மேல், படிக்கத் தெரியும்படி ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே எழுதினார்: 'சத்தம் எதுவும் வரவில்லை. நான் சொன்னது பொய்.' கையெழுத்தும் போட்டார்.

அங்கிருந்தே மச்சானைப் போனில் கூப்பிட்டு, கடிதத்தையும் பொய்யையும் சொன்னார்.

"அட, இதுக்கா? சொல்லியிருந்தா கீழ நின்னு கையாட்டியிருப்பேனே மாப்ள!" என்று சிரித்தார் மச்சான். பிறகு குரல் இறங்கியது. "அய்யய்யோ, நான் டாக்டர்கிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேனே."

"நானே பேசிக்கிறேன்."

டாக்டர் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை கேப்டன் லீவு போட்டுவிட்டுப் பதிவேட்டோடு பயிற்சிப் பள்ளிக்குப் போனார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பள்ளித் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாணவர்கள் முன்னாலேயே அந்த வரிகளைச் சத்தமாகப் படித்தார். புத்தகத்தை மூடினார்.

"எங்க வண்டி ரெண்டும் அந்தம்மாகிட்டயே இருக்கட்டும்."

"யாரு சார் இத எழுதினது?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

வாசலில் நின்றிருந்தவர் கையைத் தூக்கினார்.