இடம் விடாமல் எழுதியது

1984 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். கிணற்றில் இறைத்து இரண்டு அண்டாவையும் நிரப்பினேன். ஐந்தரைக்குச் சவரம். ஆறு மணிக்குக் காபி. ஆறேகாலுக்குப் பாய் விரித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்த முதுகுப் பயிற்சி இருபது நிமிடம். ரேடியோ செய்தியில் மேட்டூர் திறப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு இட்லி நான்கு. எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை சங்கத்தின் மினிட் புத்தகத்தில் போன மாதத்துப் பக்கங்களைச் சரிபார்த்தேன். ஒரு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, போட்டேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சைக்கிளில் கிளம்பினேன்.

ஓய்வுபெற்ற காவலர் சங்கம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு அறையில் கூடும். சிறுபிள்ளைகளுக்கான பெஞ்சுகள். முழங்கால் மடங்காதவர்களுக்குக் கரும்பலகை ஓரமாக நான்கு நாற்காலிகள். யாரும் சொல்வதில்லை, ஆனாலும் எல்லோரும் பழைய பதவிப்படிதான் உட்காருவோம். இன்ஸ்பெக்டராக இருந்தவர் தலைவர். சப்-இன்ஸ்பெக்டர்கள் முதல் வரிசை. ஏட்டுகள் அடுத்து. காவலர்கள் சுவரோரம். எனக்கு மட்டும் தலைவர் பக்கத்தில் தனி மேஜை, நான் செயலாளர் என்பதால். சர்வீஸில் இருபத்திரண்டு வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன். உட்கார்ந்து எழுதியே முதுகெலும்பு தேய்ந்துபோய், ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். பென்ஷன் மனு, குடும்ப பென்ஷன் மனு, பெயர்த் திருத்தம், எது வேண்டுமானாலும் உறுப்பினர்கள் என்னிடம்தான் வருவார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அன்று கூட்டம் தொடங்குமுன் வருடாந்தர நேர்காணலைப் பற்றிப் பேச்சு. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கருவூலத்துக்கு நேரில் போய், உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும்.

"அந்தப் பையன் என்னைய நிமிந்துகூடப் பாக்கலீங்க. உயிரோடதான் இருக்கீங்களா பெரியவரேங்குறான்" என்றார் ஒரு ஏட்டு.

"நீ என்னய்யா சொன்ன?"

"வீட்ல கேட்டுச் சொல்றேன்னேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். அந்தக் குனிவை வைத்தே அடையாளம் தெரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தேன்.

கீழத்தஞ்சையில் ஒரு ஸ்டேஷனில் நானும் அவரும் ஆறு வருடம் ஒன்றாக இருந்தோம். போலீஸ் லைனில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், பதவியில் காவலர். ஸ்டேஷனுக்குள் என்னை 'ரைட்டரய்யா' என்பார். வாசல் தாண்டினால் 'தம்பி'. நான் அவரை எங்கேயும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். ஆற்றில் தண்ணீர் வற்றி மடுவாக நிற்கும் நாட்களில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி விரால் பிடிப்பார். குழம்பு அவர் வீட்டில் கொதிக்கும். சுவரை இரண்டு தட்டுத் தட்டினால் நான் தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து போலீஸுக்கு வந்த முதல் ஆள் அவர். அவருடைய அண்ணன் கடைசிவரை வயலில்தான் வேலை செய்தார்.

1969 தை மாதம் சம்பா அறுவடை. கூலி நெல்லை உயர்த்தித் தர வேண்டும் என்று உள்ளூர் ஆட்கள் கேட்டார்கள். மிராசுதார் மறுத்து வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். உள்ளூர் ஆட்கள் வரப்பில் மறித்து நின்றார்கள். சென்னையில் புது ஆட்சி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயலில் மட்டும் பழைய ஆட்சிதான் நடந்தது. எங்கள் ஸ்டேஷனிலிருந்து அந்த அறுவடைக் களத்துக்குப் பந்தோபஸ்து போட உத்தரவு. யாரை எங்கே நிறுத்துவது என்ற பட்டியலை எழுதுவது என் வேலை. முழுத் தாளையும் எழுதி முடித்து, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தபோது அவர் வந்து மேஜையருகில் நின்றார்.

"அந்தக் களத்துல எங்கண்ணன் நிக்கிது. எனக்கு வேற எடம் போடுங்க ரைட்டரய்யா. ஸ்டேஷன் வாசல்ல பாராவுக்குப் போட்டாலும் சரி."

"எழுதிட்டேனேண்ணே."

"அடிச்சுட்டு மாத்தக் கூடாதா?"

"அடிச்சா பக்கம் பாக்க நல்லாருக்காது" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணி ஆஜர் எடுத்தபோது அவர் இல்லை. ஸ்டேஷன் டைரி எழுதுகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் வராவிட்டால் இரண்டு வரி இடம் விட்டுக் கீழே எழுதிப் போவோம். பத்து மணிக்கு ஓடி வந்தால் அந்த இடத்தில் 'சம்மன் கொடுக்கப் போனார்' என்று நிரப்பிவிடலாம். எல்லா ரைட்டரும் செய்வதுதான். நான் செய்ததில்லை. என் டைரியில் இடம் இருக்காது என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் புத்தகத்தில் பாராட்டி எழுதியிருக்கிறார். 'காலை 6-00. ஆஜர் இல்லை. அனுமதி பெறவில்லை' என்று அவர் எண்ணைப் போட்டு எழுதி, அடுத்த வரியில் அடுத்த விஷயத்துக்குப் போனேன்.

அண்ணனைக் கையோடு அழைத்துக்கொண்டு பாபநாசத்தில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. களத்தில் தடியடி நடந்தது. அண்ணன் தம்பி இருவருமே அங்கே இல்லை. ஒன்பது நாள் கழித்துத் தானாக வந்து ஆஜரானார். சஸ்பெண்ட் செய்து, விசாரித்து, தண்டனை கொடுத்து, வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். விசாரணையில் முக்கியமான ஆதாரம் என்னுடைய வரி. அதன்பின் வேறு ஸ்டேஷனுக்கு மாறுதல் கேட்டுப் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் வந்தது. பதினைந்து வருடத்தில் திருவிழா பந்தோபஸ்து, தேர்தல் என்று ஐந்தாறு இடங்களில் பார்த்திருப்பேன். கேட்டதற்குப் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.

வந்தவர் சுவரோரம் காவலர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஏட்டாகத்தான் போன மாதம் ஓய்வு பெற்றிருந்தார், இருந்தும் அங்கேதான் உட்கார்ந்தார். தலைவர் அவரிடமிருந்து ஒரு காகிதக் கட்டை வாங்கிப் படித்தார். தாலுகா கச்சேரி வாசலில் யாரோ காசுக்கு எழுதிக் கொடுத்த மனு, திரும்பி வந்திருந்தது. விஷயத்தைத் தலைவர் எல்லோருக்கும் விளக்கினார். அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போன அந்த ஒன்பது நாளால் சர்வீஸ் அறுந்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய பதின்மூன்று வருடம் பென்ஷன் கணக்கில் சேராது. மேலதிகாரி அந்த இடைவெளியை மன்னித்து ஆணை போட்டால்தான் சேரும். மாத முடிவுக்குள் தக்க ஆதாரத்தோடு மறுபடி மனு போட வேண்டும்.

"வேணும்னே போகல, முன்னாடியே டூட்டி மாத்தக் கேட்டேன்னு காட்டணும்யா. எழுதிக் கேட்டீங்களா?" என்றார் தலைவர்.

"வாயாலதான் கேட்டேங்க."

"யார்கிட்ட?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அறையின் ஜன்னலைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லீங்க."

"இது ஞாபகம் இல்லாம இருக்குமாய்யா? பதிமூணு வருஷ சர்வீஸு."

"பதினஞ்சு வருஷம் ஆச்சுங்களே."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "மனுவ நீங்க எழுதுங்க. உங்க கையால எழுதுனா திரும்பி வராது."

"அவரு கையால எழுதுனதுதாங்க இன்னும் திரும்பிப் போகாம நிக்கிது" என்றார் அவர். குரலில் கோபமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் புரியாமல் சிரித்தார்கள். "நான் வேற ஆள் பாத்துக்கறேங்க."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அப்போது என் கை மினிட் புத்தகத்தில், 'யாரிடம் கேட்டார் என்பது ஞாபகமில்லை என்று தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டிருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது டீ வந்துவிட்டது. அவர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். லைனிலும் அப்படித்தான் குடிப்பார். நான் நான்கடி தூரத்தில் இருந்தேன். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார். நானும் அடுத்த பத்திக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று பத்து. சாப்பிடாமல் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. என் சொந்த டைரிகள் வருட வரிசைப்படி இருந்தன. 1969-ஐ எடுத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். ஸ்டேஷன் டைரியில் எழுதாததை அன்று மாலை இதில் எழுதியிருந்தேன். களத்தில் அண்ணன் நிற்பதாகச் சொல்லி டூட்டி மாற்றக் கேட்டார். பக்கம் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை. மூன்று வாக்கியம், தேதி, நேரம்.

மனைவி தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படித்துக் காட்டினேன்.

"இதக் குடுத்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"கேப்பாங்க. கடமையில தவறுனதா விசாரிக்கலாம்."

"பென்ஷனுக்கு?"

"தெரியல."

அவளும் அந்தச் சுவர்த் தட்டலைக் கேட்டுப் பழகியவள்தான். கல்யாணமாகி முதலில் வந்த வீடு அது.

"அந்த அண்ணன் பேசிடுவாருன்னுதானே குடுக்கப் போறீங்க?"

நான் டைரியை மூடினேன்.

"அவரு பேசலேன்னாலும் குடுக்கணும். அத நெனச்சுக்கிட்டுப் போங்க. பேச வைக்கத்தான்னா தபால்ல அனுப்பிடுங்க."

சாப்பிட்டேன். மூன்றரைக்கு உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் எழுதினேன். அப்போது அந்த ஸ்டேஷனில் ரைட்டராக இருந்த நான், என்னிடம் இன்னார் இன்ன தேதியில் டூட்டி மாற்றிக் கேட்டதும், நான் அதை மேலே தெரிவிக்கத் தவறியதும் உண்மை. முதல் தாளில் 'தவறியதும்' என்பதற்குப் பதில் 'இயலாததும்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டுத் திருத்தினேன். வேறு தாள் எடுக்கவில்லை. அடித்தலின் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். ஐந்து மணிக்கு முடிந்தது. வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம். அன்றைய டைரியை எழுதிவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தேன்.

மறுநாள், திங்கட்கிழமை, முதல் வேலையாக நீடாமங்கலத்துக்கு முதல் பஸ் ஏறினேன். அங்கிருந்து அவருடைய ஊருக்கு இரண்டு மைல், நடந்தேன். வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. அவர் கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்தார். வாக்குமூலத்தையும், அடையாளத்துக்கு நூல் வைத்த டைரியையும் நீட்டினேன்.

நின்றபடியே வாக்குமூலத்தைப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். டைரியை நூல் வைத்த இடத்தில் திறந்து படித்தார். மூன்று வாக்கியம்தான், ஆனால் வெகுநேரம் ஆயிற்று.

"இது பூரா உங்க சொந்த டைரியா?"

"ஆமாண்ணே. அந்த வருஷம் முழுசும் இருக்கு. மனுவோட சேத்துக் குடுத்துடுங்க."

கட்டுத்தறிப் பக்கம் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். நூல் இருந்த பக்கத்தைத் திருப்பினார். அடுத்ததையும் திருப்பினார். அவர் மாறிப் போன பின் வந்த மாதங்களில் நான் என்னென்ன எழுதி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. சுவரில் இன்றும் தட்டல் இல்லை என்பதுபோல, ஆய்வு அதிகாரி யாருக்கும் வேண்டாத வரிகள். நூல் வைத்த பக்கம் மட்டும் போதும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். வாங்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, மாசி மாதத்தைப் படிக்கத் தொடங்கினார்.