திருத்தணி மதகுக்கு இரண்டு பூட்டு

காலை ஆறரை மணிக்குச் சென்னை சென்ட்ரலில் திருத்தணி மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்த எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிக்கெட் இருபது ரூபாய். தூரம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்டி முழுக்க மலைக்குப் போகிற கூட்டம். பூக்கூடை, மஞ்சள் துணி, தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள். சாமி கும்பிடப் போகாதவள் அந்தப் பெட்டியில் நான் ஒருத்திதான். நான் போனது சாக்கடைத் தண்ணீரைப் பார்க்க.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் புதுச்சேரிக்கு வடக்கே, கழிமுகத்தை ஒட்டிய சின்னப் பேரூராட்சி. பெயரைச் சொன்னால் நடக்கிற சண்டை இன்னும் பெரிதாகும், விட்டுவிடுகிறேன். அங்கே நான் வார்டு உறுப்பினர். ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிமுகத்தில் விட ஒரு திட்டம் வந்திருக்கிறது. இப்போது வீட்டுக்கு வீடு அப்படியே மண்ணில் விடுகிறோமே, அதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்று நான் குதித்தேன். அதே கழிமுகத்தில் நண்டு வலை போடுகிற என் அண்ணன் செல்வம் வேறு விதமாகக் குதித்தார். “நண்டு செத்தா நீ வந்து சோறு போடுவியா?” என்று கேட்டவர்தான், ஒரு மாதமாக என்னோடு பேச்சில்லை. வரும் செவ்வாய்க்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். அங்கே எழுந்து நின்று நான் திட்டம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும்.

திருத்தணி மலையடிவாரத்தில் சில விடுதிகளும் கல்யாண மண்டபங்களும் சேர்ந்து ஒரு சின்னச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துவதாகவும், சுத்தமான தண்ணீரை எப்போது வெளியே விடுவது என்பதில் விவசாயிகளுக்கும் அதிகாரம் உண்டு என்றும் தெரிந்த பொறியாளர் ஒருவர் சொன்னார். கேட்ட மறுநாளே பையைத் தூக்கிவிட்டேன்.

மணவூரில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு கட்டு மல்லி.

“நேத்தே கிருத்திகை முடிஞ்சுபோச்சே, இன்னா மொட்டை போடவா போறீங்க?” என்று கேட்டார்.

“இல்லீங்க, சாக்கடை பாக்கப் போறேன்.”

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மல்லியை எடுத்துக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துவிட்டார். திருவாலங்காடு தாண்டும் வரை கரும்பும் வெயிலும்தான் எனக்குத் துணை.

எட்டே முக்காலுக்குத் திருத்தணி. நிலையத்துக்கு வெளியே எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். வைகாசி வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டு நூறுக்கு வந்தார்.

“ஊர்ல இருந்து வந்துட்டு மலை ஏறாம அந்தத் தண்ணிக் குட்டைக்கா போறீங்க? நல்லா கீது போங்க!”

“அதைப் பாத்துட்டு மலைக்கு வரேன்.”

“ஆங், சொல்றவங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க,” என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

ஊரைத் தாண்டி நான்கு கிலோமீட்டர். நிலையம் ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுதான் இருக்கும். அதை நடத்துகிற லோகநாதன், ஐம்பது வயது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். வரிசையாகத் தொட்டிகளைக் காட்டினார். முதல் தொட்டியின் கம்பிச் சல்லடையில் முந்தின நாள் மொட்டையடித்த முடி கற்றை கற்றையாக மாட்டியிருந்தது.

“மத்த ஊர்ல பிளாஸ்டிக்கு வரும். நம்மகிட்ட முடியும் சந்தனமும்தான். கிருத்திகை வந்தா ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறு எறங்காது,” என்றார்.

அடுத்த தொட்டியில் காற்று ஊதிக் கலக்குகிறார்கள். அதற்கடுத்ததில் கசடு படிகிறது. பிறகு பிளீச்சிங் பவுடர். கடைசியாக ஒரு பெரிய குட்டை. தண்ணீர் அங்கே நின்று, மதகு திறந்தால் கால்வாயில் இறங்கி, வயல்களைக் கடந்து ஏரிக்குப் போகிறது.

குட்டையை எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! கண்ணாடி! அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதைப் படம் பிடித்துக் கொண்டுபோய் அண்ணன் முகத்துக்கு நேரே காட்டினால் போதும் என்று தோன்றியது. செல்பேசியை எடுத்துவிட்டேன்.

“மதகைத் திறங்க அண்ணே, தண்ணி ஓடறதையும் எடுத்துக்கறேன்.”

லோகநாதன் மதகுச் சக்கரத்தைக் காட்டினார். சங்கிலியில் இரண்டு பூட்டுகள் தொங்கின.

“ஒண்ணுதான் என்னுது. இன்னொண்ணு ஊர்க்காரங்களுது. கோயில் உண்டியலை ஒருத்தரே தொறந்துட முடியுமா? அதே மாதிரி. ஆரம்பத்துல சண்டை வந்தப்போ ஊர்க்கூட்டத்துல இப்படித்தான் பேசி முடிச்சாங்க. தெனம் காலைல ரெண்டு பேரும் வந்து பாத்துட்டு, ரெண்டு பேருக்கும் சம்மதம்னாதான் தொறக்கறது.”

ஒன்பதரை மணிக்கு ஊர்ப் பூட்டின் சாவி வந்தது. டிவிஎஸ் எக்செல்லில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த மஞ்சுளாதான் அந்தச் சாவிக்காரி. நாற்பதுக்கு மேல் வயது. கால்வாயின் தலைப்பில், அதாவது தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இடத்தில், ஒன்றரை ஏக்கர் நிலம்.

“வா மஞ்சுளா, மேடம் கடலோர ஊர்ல இருந்து வந்துகிறாங்க. சீக்கிரம் தொற,” என்றார் லோகநாதன்.

“இரு பாவா, தண்ணியப் பாக்காம யாருக்குத் தொறக்கறது? உனக்கா?” தெலுங்கு கலந்த அந்தப் பக்கத்தில் மாமாவைத்தான் பாவா என்கிறார்கள்.

மஞ்சுளா குட்டைக்கு வரவில்லை. நேராக மதகின் ஓரம் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குப் போனார். அதில் கெண்டைக் குஞ்சுகள் விட்டிருக்கிறார்கள். முந்தின மாலை குட்டைத் தண்ணீரை அதில் நிரப்பி வைப்பார்கள். காலையில் குஞ்சுகள் துள்ளினால் மதகு திறக்கும். சோதனைச்சாலைக்கும் தண்ணீர் போகிறதாம். “அந்தத் தாள் வர்றதுக்குள்ள என் நாத்து கருகி வைக்கோல் ஆயிடும்,” என்று மஞ்சுளா சொன்னார்.

அன்று குஞ்சுகளில் பாதி வயிற்றைக் காட்டி மிதந்தன. மீதி பக்கவாட்டில் சாய்ந்து செவுளை அடித்துக்கொண்டிருந்தன.

மஞ்சுளா ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார். “பாவா, எத்தினி மூட்டை கொட்டின?”

லோகநாதன் ஒப்புக்கொண்டார். கிருத்திகைக் கூட்டத்துத் தண்ணீர் நாறினால் ஊர் சத்தம் போடுமே என்று பயந்து, அளவுக்கு இரண்டு பங்கு பவுடர் போட்டிருக்கிறார். நான் கண்ணாடி கண்ணாடி என்று வாய் பிளந்தது அந்தப் பவுடரின் வேலை. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. செல்பேசியைப் பையில் போட்டேன்.

“இன்னிக்குத் தொறக்க முடியாது. வெயில்ல கெடக்கட்டும், மருந்து போவட்டும்,” என்றார் மஞ்சுளா.

“ஏ, மேடம் அத்தினி தூரம் வந்துகிறாங்க. ஒரு அஞ்சு நிமிசம். உன் நாத்தும் காயுது இல்ல? இந்த மருந்து நாத்தை ஒண்ணும் பண்ணாது.”

“என் நாத்துக்கு ஒண்ணும் ஆவாது, தெரியும். கால்வா என் நெலத்தோட நின்னுடுதா? கீழ ஏரியில மீன் குஞ்சு வுட்டுகிறாங்க, மாடு தண்ணி குடிக்குது. என் கைல சாவிய குடுத்ததே அதுக்குத்தான் பாவா.”

லோகநாதன் தன் பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மஞ்சுளா சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார். எனக்கு என்ன தோன்றியதோ, “நானும் உங்க நெலத்துக்கு வரேன்” என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நாற்றங்காலின் ஓரம் இறங்கி நின்றேன். சொர்ணவாரிப் பட்டத்துக்கு விட்ட நெல் நாற்று, நுனியெல்லாம் மஞ்சள். மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. கிருத்திகைக் கூட்டத்தால் மதகு திறக்காமல் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். இந்த நாற்று போனால் இந்தப் பட்டமே போச்சு என்றார் மஞ்சுளா, ஏதோ அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோல.

“அப்போ ஏங்க வேணாம்னீங்க? உங்க கையிலதானே சாவி?” என்றேன். எனக்கே கோபம் வந்துவிட்டது.

“எனக்கு வேணும்ங்கறப்போ தொறந்தா, அவுருக்கு வேணும்ங்கறப்போ நான் எப்படி வேணாம்னு சொல்லுவேன்?” என்றவர், என் கையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் திணித்தார். “சும்மா நிக்காதீங்க, அந்தாண்ட போர் கீது. ரெண்டு குடம் தூக்குங்க.”

பக்கத்து நிலத்து ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் விரல் கனத்துக்குத்தான் வந்தது. பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, வரப்பில் வழுக்கி வழுக்கி, இருவரும் குடம் குடமாகத் தூக்கி நாற்றங்காலில் தெளித்தோம். பதினேழு வரை எண்ணினேன், பிறகு இடுப்பு எண்ண விடவில்லை. நடுவில் வழுக்கி விழுந்து சேலை முழுக்கச் சேறு. மஞ்சுளா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனையோ திட்டங்களுக்கு மேடையில் பொன்னாடை வாங்கியிருக்கிறேன், அன்று அடைந்த சந்தோஷம் எதிலும் கிடைத்ததில்லை.

அவர் வீட்டில் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டேன். மூன்றரை மணிக்கு மறுபடி நிலையத்துக்குப் போனோம். லோகநாதன் தொட்டியைக் கழுவி, குட்டைத் தண்ணீரை நிரப்பி, புதுக் குஞ்சுகளை விட்டிருந்தார். மூன்று பேரும் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றோம். ஒன்று மட்டும் கொஞ்சம் மந்தமாக இருந்தது, மற்றவை ஓடின.

“நாளைக் காலைல வரைக்கும் இப்படியே ஓடிச்சின்னா தொறந்துடலாம்,” என்றார் மஞ்சுளா. லோகநாதன் பவுடர் அளக்கும் டப்பாவில் ஆணியால் ஒரு கோடு கிழித்துக்கொண்டிருந்தார். மலை ஏற நேரமில்லை. ஆட்டோக்காரர் சொன்னது சரியாகிவிட்டது.

ஐந்து மணி ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. எங்கள் ஊருக்கும் இரண்டு பூட்டு போட்டால் முடிந்தது என்று முதலில் துள்ளினேன். அரக்கோணம் வருவதற்குள் துள்ளல் அடங்கிவிட்டது. திருத்தணியில் தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும். வேண்டுமென்று தவிக்கிறவரே மூடி வைத்ததால்தான் அந்தப் பூட்டுக்கு மதிப்பு. எங்கள் கழிமுகத்தில் அந்தத் தண்ணீர் யாருக்கும் வேண்டாம். அண்ணன் கையில் சாவி கொடுத்தால் துருப்பிடிக்கும். பேரூராட்சி கையில் கொடுத்தால் மதகு மூடவே மூடாது.

அப்புறம்தான் மணல்மேட்டுக்குப் பின்னால் தண்ணீருக்கு ஏங்கிக் கிடக்கும் சவுக்குத் தோப்புகள் நினைவுக்கு வந்தன. தண்ணீர் முதலில் தோப்புக்குப் போகட்டும், மிஞ்சியது மட்டும் கழிமுகத்துக்கு. ஒரு சாவி, தண்ணீர் வேண்டும் என்கிற தோப்புக்காரரிடம், இன்னொன்று வேண்டாம் என்கிற வலைக்காரரிடம். அங்கேயும் ஒரு மீன் தொட்டி. கூட்டத்தில் சொல்ல வேண்டியது கிடைத்துவிட்டது! பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தொடையில் தட்டிவிட்டேன்.

திருவள்ளூர் தாண்டியதும் அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்துவிட்டார், ஆனால் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் விடவில்லை, முடி, பவுடர், செத்த குஞ்சு, மஞ்சுளாவின் நாற்று, சவுக்குத் தோப்பு, சாவி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். படம் எடுக்கப் போய் ஏமாந்ததையும் மறைக்கவில்லை.

“கெண்டையெல்லாம் நம்ம ஊருக்கு ஆவாது,” என்றார் அண்ணன். “பாதிக்குப் பாதி கழிமுகத் தண்ணியக் கலந்து, எறாக் குஞ்சு வுட்டுப் பாரு. தண்ணில சின்னக் கோளாறுன்னாலும் மொதல்ல அதுதான் சாவும்.”

“எறாக் குஞ்சுக்கு நான் எங்கண்ணே போவேன்?”

“நீ எங்க போய் புடிப்ப? நான் புடிச்சாரேன்.”