சாய்ந்தது கைப்பேசியா, தரையா?

“வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள். சமையலறைத் தரையில் வைத்த கைப்பேசி 0.3 காட்டுகிறது. உணரியில் கோளாறு.” மலேசியாவின் சிகாமட்டில் ஆற்றோரம் குடியிருக்கும் நான் நாட்குறிப்பில் எழுதியது இது.

கைப்பேசியின் அசைவு உணரி பற்றிப் படித்து, அதன் எண்களைக் காட்டும் செயலியைப் போட்டிருந்தேன். சமதரையில் கிடந்தால் பக்கவாட்டு எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லாததால், அங்கேயே வைத்து ‘பூஜ்யமாக்கு’ என்பதை அழுத்திவிட்டேன். ஒரு வாரத்தில் அதே இடத்தில் 0.2 காட்டியது.

“ஏங்க, பின்கதவு தானா திறக்குது,” என்றாள் அடுப்படியில் நின்ற என் மனைவி சரோஜா.

“காத்து லா.”

“காத்தா? இலைகூட ஆடல. போனுக்குத்தான் கோளாறு வருமா, வீட்டுக்கு வராதா?”

கேலியாகத்தான் சொன்னாள். நான் செயலியைத் திறந்தேன். என் திருத்தத்தை நீக்கினேன்: 0.5. கைப்பேசியை அரைவட்டம் திருப்பி வைத்தேன்: கழித்தல் 0.5. உணரி பிழையென்றால் குறி மாறியிருக்காது. சாய்வது தரை.

“அடுப்ப அணைச்சிட்டு வெளிய வா.”

“கறி கொதிக்குதுங்க.”

“கறிய விடு, வா!”

அன்று மாலை, சத்தமே அதிகம் இல்லாமல், சமையலறை ஆற்றுக்குள் இறங்கியது.

இப்போதெல்லாம் கைப்பேசியைத் திருப்பி வைத்து இருமுறை அளந்த பிறகே உணரியைக் குறை சொல்கிறேன். ரெங்கத்திலுள்ள மகள் வீட்டுக்குக் கிளம்புமுன், மிஞ்சிய முன்கூடத்திலும் அளந்தேன். 0.1 வந்தது. திருப்பியபோது குறி மாறியதுபோல் இருந்தது. ஆனால் எண் நிலையாக நிற்கவில்லை. அந்தத் தரையும் சாய்கிறதா என்பது இன்னும் உறுதியாகவில்லை.