நான்காவது துண்டு

நடந்தது பட்டப்பகலில். மழை இல்லை, கரண்ட் போகவில்லை, எந்த நாயும் ஊளையிடவில்லை. பேய்க்கென்று ஒதுக்கிய வசதி எதுவுமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதனால்தான் சண்முகவேல் கண்டதை வெறும் கனவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆள் குடிக்கமாட்டார். சாமி கும்பிடுவார், குறி கேட்கப் போகமாட்டார். சரக்கு லேட்டானால் சாக்குச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். இல்லாத ஒன்றைக் கட்டிச் சொல்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. நம்புவது உங்கள் பாடு.

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் சின்னதாக ஒரு செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். தைத்து முடித்த பனியனும் டி-ஷர்ட்டும் பெட்டிக்குள் போகும் முன்னால் இங்கே வரும். நீளமான வெள்ளை மேசை, தலைக்கு மேலே வரிசையாக ட்யூப் லைட். பெண்கள் நின்றபடியே ஒவ்வொரு பீஸாகத் திருப்பிப் பார்ப்பார்கள். எண்ணெய்க் கறை, ஓட்டை, நூல் அறுந்த இடம் என்று எது கண்ணில் பட்டாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, அதன் முனை குறையைத் தொடும்படி ஒட்டிவிடுவார்கள். வீட்டுப் பிள்ளைகள் எடுத்து அந்த ஸ்டிக்கரை ஒட்டி விளையாடாத பீரோ திருப்பூரில் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு வரை அந்த மேசையில் முதல் ஆளாக நின்றது அவருடைய தங்கை ஜனனி. கட்டிக்கொடுத்த இடத்தில், மாசத்தில் பாதி நாள் படுத்துக்கொள்கிறாள் என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அவள் இடது கைக்காரி. மற்றவர்கள் ஒட்டும் அம்பு மேலிருந்து கீழே பார்க்கும். அவள் ஒட்டியது மட்டும் இடது பக்கக் கீழிருந்து சாய்வாக மேலே பார்க்கும். பீஸைக் கையில் எடுத்ததுமே இது ஜனனி பார்த்தது என்று சொல்லிவிடலாம்.

அடிவயிற்றில் வலி வந்தால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. ஒருநாள் அண்ணனே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "நடிக்காத ஜனனி. வெளிய லாரி நிக்குது." அதற்குப் பிறகு அவள் வலி என்று வாயைத் திறக்கவில்லை. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வாங்கி விழுங்கினாள். வயிறு புண்ணாகி, உள்ளேயே ரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்ச் சேர்ந்தாள். பாவி மனுஷன், அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் தொண்டையில் வைத்துக்கொண்டுதான் சோறு தின்கிறார்.

இப்போது அதே வலி அவர் மனைவி நித்யஸ்ரீக்கு.

இந்தத் தடவை சண்முகவேல் நடிப்பு என்று சொல்லவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, தொப்புளில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே பழுப்பாக ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. அதை வெட்டி லேபுக்கு அனுப்பினார்கள். வெறும் தழும்பு, நோய் ஒன்றுமில்லை என்று பதில் வந்துவிட்டது. அவருடைய அம்மா நல்லம்மாள் சும்மா இருப்பாரா? "நாங்க பொறுக்காத வலியா? பொறந்த ஊட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்" என்றார். ஜனனியை அனுப்பியவர்களும் முதலில் இப்படித்தான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஊத்துக்குளியிலிருந்து நித்யஸ்ரீயின் அப்பா வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவள் பையில் துணியை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, எனக்குப் பொய் சொல்லி என்னங்க ஆகப்போகுது? நீங்களாச்சு நம்புங்க."

சண்முகவேலுக்கு நம்ப ஆசை. ஆனால் லேபே நோய் இல்லை என்று சொல்லிவிட்டதே. பைக்குள் துணிக்கு நடுவே மாத்திரை அட்டை தெரிந்தது. ஜனனி விழுங்கிய அதே மாத்திரை.  இவளும் போய்விடுவாள் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் கேமரா வீடியோவை ஏற்றிக் கொடுத்த பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

யூனிட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போனார். மணி மூன்று. ட்யூப் லைட் எல்லாவற்றையும் போட்டு, மேசையில் லேப்டாப்பை வைத்து வீடியோவை ஓடவிட்டார். நாமே பார்த்துவிடுவோம், பதினைந்து வருடமாகக் குறை கண்டுபிடிப்பதுதானே நம் பிழைப்பு என்ற எண்ணம்.

ஆபரேஷன் வீடியோவில் சத்தம் கிடையாது. எங்கே பார்த்தாலும் ரோஸ் நிறம், நனைந்த சாட்டின் துணி போல ஒரு பளபளப்பு. நடுவில் கொய்யாக்காய் அளவுக்குக் கர்ப்பப்பை. கம்பி ஒன்று வந்து அந்தப் பழுப்புப் புள்ளியைத் தொட்டது, வெட்டியது. கேமரா அப்படியே நகர்ந்தது. சுத்தமான துணி. ஒரு கறை இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

சர்ர்ர்…

பின்னால் ஏதோ கிழிந்தது. ஸ்டிக்கரைத் தாளிலிருந்து உரிக்கும் சத்தம்… காதுக்குப் பழகிய சத்தம். திரும்பினார். யாரும் இல்லை. ஃபேன் கூடப் போடவில்லை.

தப்.

ஒட்டும் சத்தம். கட்டை விரலால் அழுத்தினால் வருமே, அது.

லேப்டாப்பைப் பார்த்தார். வீடியோ நின்றிருந்தது. அவர் நிறுத்தவில்லை.

கர்ப்பப்பைக்குப் பின்னால், அந்தப் பளபளப்பின் மேல்… ஒரு சிவப்பு அம்பு.

திரையில் ஒட்டியிருக்கிறதோ என்று விரலால் தேய்த்தார். வெறும் கண்ணாடி. அம்பு உள்ளே இருந்தது, உடம்புக்குள். ஈரம் பட்டு அதன் ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது.

முனை தொட்ட இடத்தை உற்றுப் பார்த்தார். வேர்க்குரு போலப் பொடிப் பொடியாக நீர்க்கொப்புளங்கள். நிறமே இல்லை. அதனால்தான் தெரியவில்லை.

வீடியோ தானாக நகர்ந்தது.

சர்ர்ர்… தப்.

இரண்டாவது அம்பு. அது தொட்ட இடத்தில் தீ நாக்கு போல மெல்லிய சிவப்புக் கீற்று.

சர்ர்ர்…

இப்போது சத்தம் காதுக்குப் பக்கத்தில்.

தப்.

மூன்றாவது. வெள்ளையாக ஒரு தழும்பு. பிசிறு நூலை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிச் சுற்றிலும் சுருங்கியிருந்தது.

மூன்று அம்பும் இடது பக்கக் கீழிருந்து…

சாய்வாக…

மேலே பார்த்தன.

மேசை விளிம்பு லேசாக ஆடியது. யாரோ இறுக்கிப் பிடித்தது மாதிரி.

மூச்சு வாங்கும் சத்தம்.

"அண்ணா… இங்கதானுங்ண்ணா வலிக்குது."

சண்முகவேல் ஓடவில்லை. கால் வரவில்லை என்று நினைப்பீர்கள். அதில்லை. தங்கை குரலைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது, இன்னொரு வார்த்தை பேசமாட்டாளா என்றுதான் நின்றார். அவள் பேசவில்லை. மேசையில் தலையை வைத்து அவர் அழுது முடித்து நிமிர்ந்தபோது திரையில் அம்பு எதுவும் இல்லை. ஆனால் கொப்புளம் இருந்தது, சிவப்புக் கீற்று இருந்தது, தழும்பும் இருந்தது. அவற்றைக் காட்ட இனி அம்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போனதும் நித்யஸ்ரீ அடுக்கி வைத்திருந்த பையைப் பிரித்தார். மாத்திரை அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"வலி இருக்குது நித்யா. நான் பாத்துட்டேன்."

அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். நோய் இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி சந்தோஷத்தில் அழும்படி வைத்துவிட்டோமே என்று அவருக்கு உயிரே போயிற்று.

மறுநாள் வேறொரு டாக்டரிடம் போனார்கள். பிரியங்கா என்று பெயர், பெண்களுக்கு வரும் இந்த மாதிரி வலிக்கென்றே பார்ப்பவர். சண்முகவேல் சொன்ன இடங்களில் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இத எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"செக்கிங் வேலைங்க எனக்கு" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

"நெறையப் பேர் கருப்புப் புள்ளியத்தான் தேடுவாங்க. வெடிமருந்து பட்டுத் தீஞ்ச மாதிரி இருக்கும். ஆனா இது ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு வேஷம் போடுமுங்க. நீர்க்கொப்புளமா இருக்கும், செவப்பா இருக்கும், பழசாயிட்டா வெள்ளைத் தழும்பா நிக்கும். இது எண்டோமெட்ரியோசிஸ் மாதிரிதான் தெரியுது. வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பினா உறுதியாயிரும்."

ஆபரேஷன் நடந்தது. நித்யஸ்ரீ கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "இருந்துச்சுங்களா?" என்பதுதான். பிரியங்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

ரிப்போர்ட் வாங்க லேபுக்குப் போன சண்முகவேலை அங்கிருந்த டாக்டர் ஜெபக்குமார் உள்ளே கூப்பிட்டார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்கிறவர். வெளியே வந்து காகிதத்தை நீட்டிவிட்டுப் போகிற மனுஷன், அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. ஒங்க கண்ணாலயே பாத்துக்கிடுங்க."

சண்முகவேல் குனிந்து கண்ணை வைத்தார். ரோஸ் நிறப் பரப்பில் ஊதா நிற வளையங்கள்.

"அந்த வளையம் எல்லாம் கர்ப்பப்பைக்கு உள்ள இருக்க வேண்டிய சுரப்பி. சுத்தி நெருக்கமா ஊதாப் புள்ளி தெரியுதுல்லா, அதுவும் அங்கதான் இருக்கணும். ரெண்டும் இடம் மாறி வெளிய வந்து குடியிருக்கு."

"இந்தப் பழுப்புப் பொடி?"

"பழைய ரத்தம். மாசாமாசம் இதுவும் கசியும். வெளிய போக வழி கெடையாது. உள்ளயே தங்கி, ரத்தத்துல உள்ள இரும்பு இப்படிப் படிஞ்சிரும்." அவர் ஸ்லைடை மாற்றினார். சாயம் ஏற்றிய இன்னொன்று. இரும்பு இருந்த இடமெல்லாம் அடர் நீலமாகப் பூத்திருந்தது. "ஒங்க வீட்டம்மா சொன்ன வலி நெசம். இதுக்கு மேல யாரும் சந்தேகப்பட முடியாது."

சண்முகவேல் எழப்போனார். ஜெபக்குமார் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

"டாக்டரம்மா எத்தனை துண்டு வெட்டுனாங்க?"

"மூணுன்னு சொன்னாங்க."

"டப்பா மேலயும் மூணுன்னுதான் இருக்கு. ஆனா உள்ள நாலு இருந்துச்சு."



"பாருங்க" என்று கடைசி ஸ்லைடை வைத்தார்.

வளையங்கள். புள்ளிகள். ஆனால் இதில் இடமே விடாமல் பழுப்பு. எங்கு பார்த்தாலும் பழுப்பு. நடுநடுவே கெட்டியான தழும்பு.

"மத்த மூணும் இவ்வளவு மோசம் இல்ல. இது வருஷக்கணக்கா உள்ளயே கசிஞ்சது. யாரோ தெரியல, அந்தப் பொண்ணு என்ன பாடு பட்டிருப்பான்னு நெனச்சா எனக்கே தாங்கல. வேற ஆளோட துண்டு தவறிக் கலந்திரும் சில நேரம். தேடிப் பாத்துட்டேன். அந்த வாரம் இந்த வகையில வேற ஒரு கேஸும் வரல."

சண்முகவேல் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு…" ஜெபக்குமாரின் குரல் தாழ்ந்தது. "அதோட ஓரம் பூராம் கருகியிருக்கு. கரண்ட் வெச்சு வெட்டுனா லேசா அப்படி ஆகும். டாக்டரம்மாட்ட போன் போட்டுக் கேட்டேன். கத்தரியாலதான் வெட்டுனேன், சூடே வைக்கலைன்னுட்டாங்க. இதுவும் லேசான சூடு இல்ல. நெருப்புக்குள்ள கெடந்த மாதிரி இருக்கு."

மைக்ராஸ்கோப்பின் கண்ணாடி ஈரத்தில் மங்கியது. சண்முகவேல் சட்டைக் கையால் அதைத் துடைத்தார். மறுபடி மங்கியது.

"டாக்டர்… இந்தத் துண்டுலயும் அதே நோய்தானுங்களா? உறுதியாச் சொல்ல முடியுங்களா?"

"சந்தேகமே கெடையாது."

"அப்பிடின்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க."

"யாரு பேருக்கு?"

"ஜனனி."

"வயசு?"

"முப்பத்தொண்ணுங்க."

ஜெபக்குமார் பேனாவை எடுத்தார். "ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா? அப்ப உடனே வரச் சொல்லுங்க. இவ்வளவு முத்துனதை விடக்கூடாது. இப்ப எங்க இருக்காங்க?"

சண்முகவேல் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"மின்மயானத்துல எரிச்சுட்டோமுங்க. ரெண்டு வருசமாச்சு."